லாரன்ஸும் நானும் போன கடமான் வேட்டை

லாரன்ஸ் போய்விட்டான்.

இன்று காலை, சாந்தோமில், தூக்கத்திலேயே. அவன் மகள் ஸ்டெல்லா போன் செய்து சொன்னாள். தொண்ணூற்றெட்டு. என்னைவிட ஒரு வயது பெரியவன்.

"வயசாச்சு, நல்ல சாவு" என்று யாரும் கமெண்ட் போடாதீர்கள். கெட்ட கோபம் வரும். எனக்கு மிச்சம் இருந்த ஒரே சிநேகிதன்.

(நான் பேசப் பேச போன் எழுதுகிறது. தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.)

நாற்பதுகளின் கடைசி. மவுண்ட் ரோட்டில் ஒரு ஆபீஸில் இரண்டு பேரும் கிளார்க். எனக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு... ஆஸ்துமா. ஓடாதே, ஏறாதே, பனியில் நிற்காதே. மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் என்னிடம் பேசின பேச்சே இவ்வளவுதான்.

ஒரு நாள் டிபன் நேரத்தில் லாரன்ஸ் கேட்டான். "சேது, மலைக்கு வரியா? கடமான் வேட்டைக்குப் போலாம். வில்லு அம்புல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏண்டா, எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கறது. மலையாவது!"

"அதுக்கு இன்னா? மெதுவா ஏறு. மான் இன்னா ஆபீஸ் மூடிட்டு போய்டப் போவுதா?"

என்னை ஓர் இடத்துக்கு வா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவன்தான். சத்தியமாக.

(வேட்டையா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு... அந்தக் காலத்தில் பர்மிட் எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்திருந்தோம். துப்பாக்கிக்கு வசதி இல்லை. ஊரைவிட்டுப் போன ஒரு துரை ஏலத்தில் விட்ட வில் அவனிடம் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.)

கொடைக்கானலுக்கும் மேலே, ரோடு முடிந்து அதற்கப்புறமும் நடக்க வேண்டும். அவன் மாமா ஒருத்தர் அங்கே எஸ்டேட்டில் கணக்குப் பார்த்தார். அந்த மலைக்காக மாசக்கணக்கில் மெட்ராஸில் உட்கார்ந்து பிளான் போட்டோம். மலை என்றால் பரங்கிமலைதான் என்கிற ஊரில்!

ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளில் வந்துவிடுவான். கோட்டூர்புரத்தில் இப்போது அந்தப் பெரிய லைப்ரரி இருக்கிறதே, அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் வைக்கோல் அடைத்த சாக்கை நிறுத்தி அம்பு விடுவோம். அவன் குறி பிரமாதம். என் அம்பைத் தேடத்தான் பாதி நேரம் போகும்.

ஆனால் அவனுக்குக் கவலை குறியைப் பற்றி இல்லை.

"மேல ஏறிடலாம் சேது. அடிச்ச மானை கீழ எப்டி கொண்டாருவே? தூக்கினு வர முடியாத எடத்துல அம்பே வுடக்கூடாது. பாதிய காட்லயே போட்டுட்டு வந்தா பாவம்."

அதற்காக முதுகில் மாட்டிக்கொள்ள வார் வைத்து ஒரு மரச்சட்டம் செய்தான். அதில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பரங்கிமலைப் படிகளில் ஏறுவான், இறங்குவான். மாதாவைக் கும்பிட வந்த அம்மாள் ஒருத்தி "இன்னாப்பா இது நேர்த்திக்கடன்?" என்று கேட்டாள். "ரொம்ப பாவம் பண்ட்டேம்மா" என்றான், படுபாவி. அந்த அம்மாள் அழுதேவிட்டாள்.

நான் வெறுங்கையோடு ஏறிப் பாதிப் படியில் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள்கூட "நீ வேணாம்" என்று அவன் சொன்னதில்லை.

வீட்டில் "பழனிக்குப் போறேன்" என்றேன். கொடைக்கானலும் பழனிமலைத் தொடர்தானே... முழுப்பொய் இல்லை! அம்மா உருகிப்போனாள். "முருகனுக்கு முடி இறக்கிண்டு வாடா கண்ணா."

போனோம். இரண்டாம் நாள் காலை, சோலை ஓரத்துப் புல்வெளியில் கடமான் நின்றது. அவ்வளவு பெரிய கொம்பு. லாரன்ஸ் நாணை இழுத்துப் பிடித்தான். நான் அவனுக்குப் பின்னால் புல்லில் படுத்திருக்கிறேன்.

அப்போதுதான் எனக்கு இழுப்பு வந்தது. அந்தக் குளிரில்... அதற்குமுன் அப்படி வந்ததே இல்லை. சத்தம் கேட்டு மான் ஓடிவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டேன். முட்டாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். வில்லைக் கீழே போட்டான். மான் எந்தப் பக்கம் போனது என்றுகூடப் பார்க்கவில்லை.

மாத்திரை கொடுத்தான், இழுப்பு கேட்கவில்லை. மானுக்காகச் செய்த சட்டத்தில் என்னை உட்காரவைத்து, வாரால் கட்டி, முதுகில் தூக்கிக்கொண்டான். வில், கூடாரம், அரிசி எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு எஸ்டேட் வரைக்கும் இறங்கினான். அங்கே டாக்டர் ஊசி போட்டார். "இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தால்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

நான் தேறி எழுந்ததும் நம்ம லாரன்ஸ் துரை என்ன செய்தார் தெரியுமா? என்னைப் பழனிக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட வைத்தார். "அம்மாவ ஏமாத்தாதே சேது. அது தப்பு."

அதற்குப் பிறகு அவன் வேட்டைக்கே போகவில்லை. அவனுக்குக் கல்யாணம், எனக்குக் கல்யாணம், பிள்ளைகள், ரிடையர்மென்ட்... இத்தனை வருஷத்தில் அந்த மானைப் பற்றி அவனும் பேசினதில்லை, நானும் கேட்டதில்லை.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அவனுக்குப் பாதி ஞாபகம் இல்லை. மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "லாரன்ஸ், கைக்கு வந்த மானை விட்டுட்டியேடா... வருத்தமே இல்லையா?"

"மானா? எந்த மானு?"

அப்புறம் என் நெஞ்சில் கையை வைத்தான். "நீ முதுகுல கீறே. உய்யு உய்யுனு மூச்சு வுட்டுக்கினே வரே. அத்த கேட்டுக்கினே எறங்குறேன். அது நின்னுடக்கூடாது மாதாவேன்னு... அது மட்டும் ஞாபகம் கீது சேது."

நாளைக்குச் சாயங்காலம் அடக்கம். வெயில், கூட்டம், வேண்டாம் தாத்தா என்கிறாள் பேத்தி. நான் போகிறேன்.

போய்ட்டு வாடா லாரன்ஸ். ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்.