ஜன்னலோரத்தில்தான் உட்காருவேன்

மேவிஸ் கார்பட் பதினைந்து வயதில் இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து மீன் கொட்டகையில் கத்தி பிடித்தவள். முப்பத்துநான்கு வருடம், பனிக்கட்டித் தண்ணீரில் கை விட்டு, ஹாடக் மீனின் முள் நீக்கித் துண்டு போட்டாள். அந்த வேலைக்குப் போன பெண்களுக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. மேவிஸுக்கு அது கொஞ்சமல்ல. ஒரு ஜனவரி மாதம் விரல் மரத்துப்போய் எல்லாரும் வெந்நீர் வாளி கேட்டபோது, மேஸ்திரி "இது என்ன குளிக்கிற ரூமா?" என்றானாம். மேவிஸ் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு வெளியே போய் மழையில் நின்றாள். அவள் பின்னால் முப்பது பேர் போனார்கள். அரை மணி நேரத்தில் வாளி வந்தது.

நான் அவளோடு பழகியது அதெல்லாம் முடிந்து, கப்பல்கள் வருவது நின்று, கொட்டகைகளைப் பூட்டிய பிறகு. எங்கள் தெருமுனை மீன் வறுவல் கடையில் எனக்கு வேலை. வறுத்த மீனையும் சிப்ஸையும் தாளில் சுற்றிக் கொடுப்பேன். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே ஆறு மேசை இருந்தது, அங்கேயும் தட்டு கொண்டு போவேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு மேவிஸும் அவள் புருஷன் லென்னும் வந்து, தெருவைப் பார்த்த ஜன்னலோர மேசையில் உட்காருவார்கள். ஹாடக், சிப்ஸ், மசித்த பட்டாணி, வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு கூஜா தேநீர். லென் நெஞ்சுச் சளியில் போன பிறகு அவள் தனியாக வந்தாள். முதல் வாரம் நான் காலியாக இருந்த லென்னின் நாற்காலியையே பார்த்தேன். "என்ன பாக்கற நோரா? இனிமே என் சிப்ஸை எவனும் திருட மாட்டான், அவ்வளவுதான்" என்றாள். சொல்லிவிட்டுப் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள்.

அறுபத்தாறு வயதில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. வாயின் வலது பாதி தொங்கிப்போனது. பேச்சு, வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவதுபோல் ஆயிற்று. எட்டு மாதம் அவளை நாங்கள் பார்க்கவில்லை. அதற்குள் கடை கைமாறி, கிளைவ் பெக்ஸ்டன் என்பவர் வாங்கியிருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மாவு கரைப்பதில் கெட்டிக்காரர். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கேட்காமலே லீவு கொடுத்தார். ஆற்றோரம் புதிதாகக் கட்டிய வீடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் வரவேண்டும் என்பது அவர் ஆசை. சுவருக்குப் புது வண்ணம் அடித்தார், மேசைகளுக்கு விரிப்புப் போட்டார்.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, இடது கையில் தடியோடு மேவிஸ் வந்தாள். தெருவைக் கடக்கவே பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரம் துடைக்கும் துணியைக் கழுத்தில் செருகிக்கொண்டாள். "எப்பவும் உள்ளதுதான் நோரா. எட்டு மாசமா ஆஸ்பத்திரிக் கூழு. நாய்கூட மோந்து பாக்காது."

இடது கையில் முள்கரண்டி பிடிக்கக் கற்றிருந்தாள். ஆனால் மூன்று வாய்க்கு ஒரு வாய் கீழே விழும். பட்டாணி வழியும். தேநீர் வலது கடைவாயில் ஒழுகும். அதைத் துணியால் ஒற்றிவிட்டு அடுத்த துண்டைக் குத்துவாள். மேசையைச் சுற்றி மாவுத் துணுக்கும் சிப்ஸும் சிதறிக் கிடக்கும். சாப்பிட்டு முடிக்க ஐம்பது நிமிடம் ஆயிற்று. தட்டில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் பக்கத்து மேசையில் ஆற்றோரத்து வீட்டுக் குடும்பம் ஒன்று இருந்தது. அவர்களுடைய சின்னப் பெண், "அம்மா, அவங்க ஏன் துப்பறாங்க?" என்று கேட்டாள்.

"துப்பல கண்ணு. அதுவா தப்பிச்சு ஓடுது. பிடிக்க முடியல" என்றாள் மேவிஸ். குழந்தை சிரித்தது. பெற்றோர் சிரிக்கவில்லை. பாதித் தட்டோடு எழுந்து, போகிற வழியில் கிளைவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

கிளைவ் வந்து மேவிஸின் நாற்காலி அருகில் குந்தினார். "மிஸஸ் கார்பட், இந்தக் குளிர்ல நீங்க எதுக்கு அலையணும்? வெள்ளிக்கிழமையானா நானே சுடச்சுட வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன். நீங்க நிம்மதியா சாப்பிடலாம்."

"இங்க எனக்கு நிம்மதிக்கு என்ன குறைச்சல்?"

"அதுக்கில்ல... நாலு பேர் பாக்கறாங்க. உங்களுக்கே சங்கடமா இருக்குமேன்னு..."

"எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. உனக்கு இருந்தா உனக்குன்னு சொல்லு."

அவர் முகம் சிவந்து எழுந்து போனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை என் கையில் 'முன்பதிவு' என்று எழுதிய ஐந்து அட்டைகளைக் கொடுத்தார். தடுப்புக்குப் பின்னால், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் தோல் சீவும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு மேசை உண்டு. ஆறாவது மேசை அது; பெரும்பாலும் வேலைக்காரர்கள் நாங்கள்தான் அதில் சாப்பிடுவோம். அதைத் தவிர மற்ற ஐந்திலும் அட்டை வைக்கச் சொன்னார். யாருக்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். அதை மறைத்து இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மேவிஸ் வந்ததும், "இன்னைக்கு உள்ளார உக்காருங்க மேவிஸ்" என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் தட்டையும் தேநீரையும் கொண்டு வைத்தேன். கடையில் ஒவ்வொருவராக ஆட்கள் வந்து, அட்டை இருந்த மேசைகளில் உட்கார ஆரம்பித்தார்கள். அட்டையை எடுத்து ஓரமாக வைத்து, அவர்களை உட்காரச் சொன்னவர் கிளைவ்தான். ஜன்னலோர மேசை மட்டும் காலியாக இருந்தது.

மேவிஸ் தடுப்பின் ஓரமாக எட்டிப் பார்த்து, "நோரா" என்று கூப்பிட்டாள். "அந்த மேசை யாரு பேர்ல இருக்கு?"

நான் துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தேன்.

"சரி" என்று எழுந்தாள்.

அவளுக்கு நல்ல கை ஒன்றுதான். தடி பிடிக்கவும் அதே கை, தட்டு பிடிக்கவும் அதே கை. தடியை நாற்காலியில் மாட்டிவிட்டுத் தட்டைத் தூக்கினாள். வலது காலை இழுத்து இழுத்து, தோளைச் சுவரில் சாய்த்து நடந்தாள். சிப்ஸ் இரண்டு தரையில் விழுந்தன. பேருந்து ஓட்டுகிற ஒருவர் பாதி எழுந்து, "நான் கொண்டாரட்டுமா?" என்றார்.

"உக்காரு. உன் மீன் ஆறிடும்."

ஜன்னலோரம் தட்டை வைத்தாள். அட்டையைக் கவிழ்த்தாள். திரும்பி வந்து தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். போய்ச் சேரும்போது கோப்பையில் பாதிதான் இருந்தது. மூன்றாம் தடவை வந்து தடியை எடுத்துப் போனாள். நான் அசையாமல் நின்றுகொண்டிருந்தேன். உதவிக்குப் போனால் எனக்கும் அதே பதில்தான் கிடைத்திருக்கும், கிடைத்திருக்கவும் வேண்டும்.

கிளைவ் கையில் மாவு சொட்டச் சொட்ட அடுப்பை விட்டு வந்தார். "மிஸஸ் கார்பட், நான் உங்ககிட்ட மரியாதையாத்தான் சொன்னேன். என் பிழைப்பையும் கொஞ்சம் நெனைச்சுப் பாருங்க."

மேவிஸ் வாயிலிருந்த துண்டை மென்று விழுங்கும் வரை அவரைக் காக்க வைத்தாள். பிறகு, குழறுகிற நாக்கை அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு சொல்லாக வைத்தாள். "ஊரு திங்கறதுக்கு முப்பத்துநாலு வருஷம் மீன் அரிஞ்சேன். நான் திங்கறத மட்டும் ஊரு பாக்கக் கூடாதா? என்னை வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. இங்கயே நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. 'மேவிஸ், இனிமே இந்தக் கடைக்கு வராத'ன்னு. ஏன் வரக் கூடாதுங்கறதையும் சேத்துச் சொல்லு. சொன்னா எந்திரிச்சுப் போயிடறேன்."

கிளைவ் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார். மாவு அவர் செருப்பில் சொட்டியது.

"சொல்ல வராதுல்ல? அப்ப போயி மீனைப் பாரு. கருகற வாடை வருது."

உண்மையாகவே கருகியிருந்தது. அவர் ஓடினார். யாரும் கைதட்டவில்லை. ஒரு தம்பதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். மூலையில் ஒரு கிழவர் இன்னும் கொஞ்சம் வினிகர் கேட்டார். நான் வினிகரைக் கொடுத்துவிட்டு, ஐந்து அட்டைகளையும் பொறுக்கி உருளைக்கிழங்குத் தோல் கூடையில் போட்டேன். கிளைவ் பார்த்தார். அடுத்த மீனை மாவில் முக்கினார்.

"ரெண்டு குடும்பம் வர்றத நிறுத்திட்டாங்க" என்று பிற்பாடு என்னிடம் புலம்பினார். மேவிஸிடம் சொன்னேன். "ஊர்ல வேற கடையா இல்ல? போகட்டும்" என்றாள்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் ஒருவரைக் கூட்டி வந்தாள். ஆஸ்பத்திரி உடற்பயிற்சி வகுப்பில் பழக்கமானவர், வால்ட்டர். வரி அலுவலகத்தில் இருந்தவர், கழுத்தில் டை இல்லாமல் வெளியே வரமாட்டார். அவருக்கும் அதே வாதம். இரண்டு வருடமாக வீட்டுக்கு வெளியே ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வீட்டில் அவர் சாப்பிடும்போது மனைவி திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாளாம்.

முதல் துண்டே டையில் விழுந்தது. வால்ட்டர் கண்ணீர் விட்டார்.

"அழாத வால்ட்டர். மீன்ல ஏற்கனவே உப்புப் போட்டாச்சு."

அவருக்குச் சிரிப்பு வந்து, வாயிலிருந்ததும் வெளியே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பார்க்க அழகாக இல்லைதான். நாலு வாரம் வந்தார், பிறகு நின்றுவிட்டார். மேவிஸ் பேருந்து பிடித்து அவர் வீட்டுக்குப் போனாள். மனைவி கதவைத் திறக்கவில்லை. தபால் போடும் துளை வழியாக, "வெள்ளிக்கிழமை பன்னெண்டரை, வால்ட்டர்!" என்று கத்திவிட்டு வந்தாள்.

மார்ச்சில் அவர் தனியாகவே வந்தார். இரண்டு வாரம் கழித்து மனைவியும் வந்தாள், கோபத்தோடு. கான்ஸ்டன்ஸ் என்று பெயர். கதவருகில் நின்றபடியே, "எங்க வீட்டு அவமானத்த ஊருக்கே காட்டறீங்களா?" என்று மேவிஸைக் கேட்டாள்.

"அவமானமா? பசிம்மா அது" என்றாள் மேவிஸ்.

கான்ஸ்டன்ஸ் கைக்குட்டையை எடுத்துப் புருஷனின் தாடையைத் துடைக்கப் போனாள். வால்ட்டர் அந்தக் கையை மெதுவாக ஒதுக்கினார்.

"அப்புறம் தொடச்சுக்கறேன் கான்னி. இப்ப சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "எனக்கும் ஒண்ணு கொண்டாங்க. சின்னதா."

மேவிஸ் அதற்குப் பிறகு ஐந்து வருடம் இருந்தாள். கிளைவ் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பட்டாணி ஆறிப்போய் வந்தால் மட்டும் கடை முழுக்கக் கேட்கும்படி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே வேறு கொண்டுவந்து வைப்பார்.