இளகின கை தேடிய மாலக்கி

மாலக்கி டான்சியை எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு முள்வேலி, இருபத்தெட்டு வருசமாக. அவனைப் பற்றி எழுத என்னைவிடத் தகுந்த ஆள் எங்கள் லீட்ரிம் மாவட்டத்திலேயே கிடையாது. பிடித்தவன் எழுதினால் பாதியை மறைப்பான்.

வயது அறுபத்தாறு. கல்யாணம் இல்லை. ஒரே அக்கா பாஸ்டனுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவான், உள்ளே உட்கார மாட்டான். கதவோரம் தொப்பியைத் தரையில் போட்டு அதன் மேல் ஒற்றை முழங்காலை ஊன்றியிருந்துவிட்டு, பாதிரியார் ஆசீர்வாதம் சொல்லி முடிக்குமுன் கிளம்பிவிடுவான். நிலம் முப்பத்தைந்து ஏக்கர். அதில் பாதி கோரை, மீதி சேறு. அதில் இருபத்திரண்டு பசு வைத்திருந்தான். யாருக்கும் ஒரு மண்வெட்டிகூட இரவல் தந்ததில்லை. நான் ஒருமுறை ஏணி கேட்டேன். ஏணி தூங்குகிறது என்றான்.

அவன் மனசு வைத்திருந்தது ஒன்றின் மேல்தான். ஒரு செவலைப் பசு. பதினொரு வயதில் ஒன்பது கன்று ஈன்றது, ஒன்றுக்கும் டாக்டர் வரவில்லை. அதன் கடைசிக் கன்று ஒரு கிடேரி. அதுவும் செவலை, அதே முறைப்பு. அந்த இரண்டையும் பார்க்கும்போது மட்டும் மாலக்கியின் முகம் மனுச முகமாக இருக்கும்.

எங்கள் ஊர் ட்ரம்காரோவில் அப்போது இரண்டு மாட்டு ஆஸ்பத்திரி. கோயில் மேட்டில் இருக்கிற பழையது டெவனியுடையது. அப்பன் காலத்திலிருந்து நாங்கள் எல்லாரும் அங்கேதான். கிறிஸ்துமஸ் வந்தால் டெவனி காலண்டர் தருவார். அடுப்படியில் எந்த டாக்டரின் காலண்டர் தொங்குகிறதோ அவருடைய ஆள் நீ. வேறு காகிதம், கையெழுத்து ஒன்றும் வேண்டாம். இரண்டாவது, சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவோடு புதிதாக வந்தது. காத்திருக்கிறவர்களுக்குக் காப்பி மெசின் வைத்திருந்தார்கள். மாட்டுக்காரன் எவனும் காப்பி குடிக்கவென்று டாக்டரிடம் போனதில்லை, ஆனாலும் வைத்திருந்தார்கள்.

வருசத்துக்கு ஒருமுறை காசநோய்ப் பரிசோதனை உண்டு. டாக்டர் வந்து மாட்டின் கழுத்தில் ஊசி போடுவார். மூன்றாம் நாள் திரும்ப வந்து, போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்று இடுக்கி வைத்து அளப்பார். வீக்கம் அளவைத் தாண்டினால் மாடு கசாப்புக்குப் போகும். அந்தப் பண்ணையிலிருந்து ஒரு மாட்டையும் விற்க முடியாது. வேலிக்கு இந்தப்புறம் இருக்கிறவனுக்கும் அரசாங்கக் கடிதம் வரும்: நீயும் பரிசோதித்துக்கொள், அதுவரை நீயும் விற்காதே. பரிசோதனை நாளில் பக்கத்து வேலிக்காரன் உதவிக்குப் போயாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேச்சுவார்த்தை இல்லாதவனும் போவான், மாடு விரட்டிவிட்டுப் பேசாமல் திரும்புவான்.

போன ஆகஸ்டில் அப்படித்தான் மாலக்கியின் முற்றத்தில் நின்றேன். மாடுகள் ஒவ்வொன்றாகக் கம்பிக்கூண்டுக்குள் வந்தன. டெவனி தடவிப் பார்த்துவிட்டு "போ" என்பார், நான் கதவைத் திறப்பேன். செவலை வந்தது. டெவனி தடவினார், அளந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை அளந்தார். "போ" வரவில்லை.

மாலக்கிக்குப் புரிந்துவிட்டது. அது ஈ கடித்த வீக்கம் என்றான். கூண்டில் இடித்துக்கொண்டது என்றான். பிறகு குரலை இறக்கினான்.

"டாக்டரே, உங்க அப்பாவுக்கு இளகின கை. இடுக்கி ஒண்ணு ரெண்டு கூடக் காட்டினாலும் குறைச்சுத்தான் எழுதுவாரு."

"எங்கப்பா செத்துப்போயிட்டாரு, மாலக்கி."

"அந்த ரெண்டு மில்லிமீட்டர் யாரு கண்டா? இவன் சொல்ல மாட்டான்." இவன் என்றது என்னை.

என் பதினாலு காளைக்கன்றுகள் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அவன் மாடுகளோடு மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. நான் சொல்லுவேன் என்றேன். ஊர் முழுக்கச் சொல்லுவேன் என்றேன்.

டெவனி என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. "கணக்கு என் கையில இல்லப்பா. மாட்டுக் கழுத்துல இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் லாரி வந்து செவலையை ஏற்றிப்போனது. லாரி போன மறுநாள் மாலக்கி அடுப்படிக் காலண்டரைக் கழற்றிச் சுருட்டி, டெவனி ஆஸ்பத்திரியின் மேசையில் கொண்டுபோய் வைத்தான். ஆகஸ்ட் மாதத்தில். இன்னும் நாலு மாதம் கிழிக்கப்படாமல் இருந்தது. அங்கே நாய்க்கு ஊசி போட வந்த பெண்கள் மூன்று பேர் இருந்தார்கள். டெவனி அதை வாங்கிப் பிரித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் எதையாவது எழுதி வைத்துக்கொள்ள உதவும் என்றாராம். அவமானம் அவமானம்தான். எங்கள் ஊரில் ஒரு டாக்டரின் முகத்தில் துப்பியவன் உண்டு. காலண்டரைத் திருப்பிக் கொடுத்தவன் அதுவரை கிடையாது.

பிறகு மாலக்கி புது ஆஸ்பத்திரிக்குப் போனான். எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதை அவனே சந்தையில் எல்லாரிடமும் சொன்னான். அங்கே நூரியா என்று ஸ்பெயினிலிருந்து வந்த சின்னப் பெண் ஒருத்தி டாக்டர். சிரித்த முகம், ஒல்லிக் கை. சின்னப் பொண்ணு, ஊருக்குப் புதுசு, நாம சொன்னா கேட்டுக்கும், கையும் இளகின கையா இருக்கும் என்றான். அவள் படித்த படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கஷ்டமான பிரசவத்துக்கு எத்தனை நேரத்தில் வருவார்கள் என்றும் கேட்கவில்லை. சனி ஞாயிறில் யார் வருவார் என்றும் கேட்கவில்லை. செருப்பு வாங்கப் போகிறவன்கூட இரண்டு கடை ஏறி இறங்குவான். இவன் ஒரு பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்து ஆஸ்பத்திரி பிடித்தான்.

இதற்குள் எனக்குக் கடிதம் வந்துவிட்டது. என் மாடுகளில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பரிசோதித்து முடிவு வருவதற்குள் அக்டோபர் சந்தை போய்விட்டது. பதினாலு கன்றுகளும் என் குளிர்காலப் புல்லைத் தின்றுகொண்டு என்னையே பார்த்தன. அன்று மாலக்கி மேல் எனக்கு இருந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சடிக்கிறவன் அச்சடிக்க மாட்டான்.

அக்டோபர் கடைசியில் அவனுக்கு மறுபரிசோதனை. வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு நானும் போனேன். நூரியா வந்தாள். ஊசி போட்ட அன்று மாலக்கி அவளுக்குத் தேநீர் கொடுத்தான், பழ ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான். அந்த வீட்டில் வெண்ணெய் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மூன்றாம் நாள் அவள் அளக்க வந்தாள். டெவனி ஒருமுறை தடவும் இடத்தில் இவள் மூன்றுமுறை தடவினாள். டெவனி சந்தேகப்பட்டால் இரண்டுமுறை அளப்பார். இவள் எல்லாவற்றையும் இரண்டுமுறை அளந்தாள். மழை பிடித்துக்கொண்டது, அவள் நிறுத்தவில்லை. கடைசியில் இன்னும் இரண்டு பசுக்களைத் தனியே நிறுத்தச் சொன்னாள். கிடேரி தப்பித்தது. அப்போது அது நாலைந்து மாதச் சினை.

கிடேரி தப்பித்ததே என்று சும்மா இருந்திருக்கலாம். மாலக்கி இருக்கவில்லை.

"காளைய ஈட்டியால குத்தி வேடிக்கை பாக்குற ஊர்க்காரி நீ. எங்க மாட்டுக் கழுத்தப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் இடுக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். "நான் குத்தினது ஊசி. வீங்கினது உங்க மாடு. ரொட்டிக்கு நன்றி" என்றாள். பேச்சில் அந்நிய வாடை இருந்தது, ஆனால் ஒரு வார்த்தையும் தப்பாகப் போகவில்லை. நான் சிரித்துவிட்டேன். மாலக்கி என்னை வேலிக்கு அந்தப்பக்கம் போகச் சொன்னான்.

அடுத்த வாரம் புது ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று வரியில் கடிதம் வந்தது. எங்கள் மருத்துவர்களை மரியாதைக் குறைவாக நடத்துகிறவர்களின் மாடுகளை இனி நாங்கள் பார்ப்பதில்லை, வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும். தபால்காரரிடம் மாலக்கியே படித்துக் காட்டிப் பெருமையாகத் திட்டினான். தபால்காரர் எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டார்.

இப்படிக் குளிர்காலம் முழுக்க டாக்டர் இல்லாமல் ஓட்டினான். செவலையின் வம்சத்துக்கு டாக்டர் எதற்கு, கிடேரியின் ஆத்தாள் ஒன்பது போட்டது தெரியாதா என்று பேசிக்கொண்டிருந்தான். ஆனால் கிடேரி இடுப்பு ஒடுங்கினது, கன்று சுலபமாக வெளியே வராது. வேலிக்கு இந்தப்புறத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை. ஏணி தூங்கிக்கொண்டிருந்ததே.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வாசல் கதவருகே மாலக்கி நின்றான். இருபத்தெட்டு வருசத்தில் முதல்முறை. தலையில் தொப்பி இல்லை. சட்டைக் கை இரண்டும் தோள்வரை சுருட்டியிருந்தது, கைகளில் பனிக்குடநீரின் வழுவழுப்பு காய்ந்திருந்தது.

கிடேரி விடியலிலிருந்து முக்குகிறது, கன்று வரவில்லை என்றான். புது ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டானாம். பெயரைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்கள். முப்பது மைல் தள்ளி இன்னொரு ஊரில் கூப்பிட்டானாம். நீ யாருடைய ஆள் என்று கேட்டார்கள். யாருடைய ஆளும் இல்லை என்றதும், மத்தியானத்துக்கு மேல் பார்க்கலாம் என்றார்கள். மத்தியானம்வரை கிடேரி இருக்காது.

"டெவனியக் கூப்பிடு, கான்லத். உன் கிடேரின்னு சொல்லு. வந்து நின்ன அப்புறம் எப்படித் திரும்பிப் போவாரு?"

"என் வாயால பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய்யோ எழவோ. இதோட ஆத்தாதான் போயிட்டா. இதையும் விட்டுட்டு நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

என் பதினாலு கன்றையும் புல்லையும் நினைத்தேன். பேசாமல் உள்ளே போய்விடலாம் என்றும் தோன்றியது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் வேலிக்கு அந்தப்பக்கம் அது கத்துவது என் முற்றத்தில் கேட்டது. மாலக்கி செய்ததற்கு மாடு என்ன செய்யும்.

போன் போட்டேன். மாலக்கி டான்சியின் கிடேரி என்றே சொன்னேன். பக்கத்தில் நின்றவன் என் காதில் விழும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். டெவனி கேட்டார்.

"காலு வெளிய தெரியுதா?"

"ரெண்டு முன்னங்கால். தலை வரல. காலு என் மணிக்கட்டு தண்டிக்கு இருக்காம்."

"இழுக்காதீங்க. தண்ணி கொதிக்க வைக்கச் சொல்லு."

இருபது நிமிசத்தில் வந்தார். மாலக்கி முற்றத்தில் நின்றிருந்தான், அவனைச் சுற்றிக்கொண்டு நேரே தொழுவத்துக்குப் போனார். கை விட்டுப் பார்த்தார். இந்த வழியில் வராது, வயிற்றைத் திறக்கணும் என்று என்னிடம் சொன்னார். இடது விலாவில் மயிர் மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே கீறினார். நான் வாலையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டேன். எதையாவது வேண்டுமென்றால் "சொல்லு அவன்கிட்ட" என்று என்னிடம் சொல்வார். அவன் ஒரு கை தூரத்தில்தான் நின்றான். "அவர்கிட்ட சொல்லு" என்று அவனும் என்னிடமே பதில் சொன்னான். கொஞ்சநேரம் நான் இரண்டு பேருக்கும் நடுவில் தபாலாபீசாக இருந்தேன். அப்புறம் இரண்டு பேரையும் நாசமாகப் போகச் சொன்னேன். கன்றை வெளியே தூக்கினோம். பெருத்த காளைக்கன்று, செவலை. முதலில் மூச்சு இல்லை. டெவனி ஒரு வைக்கோலை அதன் மூக்கில் விட்டுக் குடைந்தார். தும்மியது. மாலக்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

தையல் போட்டு முடிக்க ஒரு மணிநேரம் ஆனது. கிடேரி நின்றபடியே திரும்பிக் கன்றை நக்க ஆரம்பித்தது.

மாட்டு டாக்டர் வேலை முடித்தால் வெந்நீர், சோப்பு, துண்டு கொண்டுவந்து வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. எந்தத் துண்டை எடுத்து வருகிறான் என்பதில் வீட்டுக்காரனின் மரியாதை தெரிந்துவிடும். மாலக்கி இத்தனை வருசமும் டெவனிக்குக் கொடுத்தது ஒரு பழைய பனியன். அன்று வெள்ளைத் துண்டு கொண்டுவந்தான். கெட்டித் துண்டு, பாஸ்டனிலிருந்து அக்கா அனுப்பியது, கடைச்சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு டெவனியின் முன்னால் நின்றான். அவனால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

டெவனி கையைக் கழுவினார். துண்டைப் பார்த்தார். கையை உதறித் தன் கால்சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

"மூணு வாரத்துல தையல் பிரிக்கணும்" என்றார். அன்றைக்கு முதல்முறையாக அவனைப் பார்த்துச் சொன்னது அதுதான்.

"நீங்க வரமாட்டீங்களா?"

"நான் உன் டாக்டர் இல்ல, மாலக்கி. இளகின கை உள்ளவனா பாத்து வச்சுக்க."

கார் போய்விட்டது. மாலக்கி துண்டை ஏந்தியபடியே நின்றான். என் கை முழங்கைவரை ரத்தமும் நஞ்சுக்கொடிக் கசடும். துண்டை வாங்கி நன்றாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அவன் பார்த்த பார்வையைப் பார்த்தால், கிடேரி செத்திருந்தால்கூட இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டான் என்று தோன்றியது.

மூன்று வாரம் கழித்துத் திரும்ப என் வாசலுக்கு வந்தான். கத்தரிக்கோலை நீட்டினான். மூன்று டாக்டரைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான் என்று தபால்காரர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார். பதிலுக்கு ஏணி வேண்டும் என்றேன். சரி என்று தலையை ஆட்டினான்.

கிடேரியைக் கூண்டில் விட்டோம். முதல் தையலை வெட்டி இழுத்தேன். அது உதைத்தது.

"மெதுவாடா. உன் கை கனம்."

"அப்ப வேற ஆளக் கூப்பிடு."

அவன் வாலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மீதிப் பதினாறையும் எடுத்தேன்.