வேகம் பூஜ்ஜியமான இடம்

அவருக்கு எண்ணெய் என்று பெயர் வைத்தது அவருடைய முதலாளிதான். இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீடுகளை, கட்டி முடித்துக் குடியேறிய மாதிரி கம்ப்யூட்டரில் சுற்றிக் காட்டும் சின்னக் கம்பெனி அது. கதவு தானாகத் திறக்கும், கேமரா உள்ளே நுழையும், சோபாவைச் சுற்றிக்கொண்டு மாடி ஏறும், பால்கனியில் போய் வானத்தைக் காட்டும். வாங்க வந்தவர் வாயைப் பிளந்துவிடுவார். அந்தக் கேமரா போகிற வழியைப் போடுவதுதான் இவருடைய வேலை. மற்றவர்கள் போட்டால் கேமரா மூலையில் தயங்கும், நேரான இடத்தில் தலைதெறிக்க ஓடும், பார்க்கிறவருக்கு மயக்கம் வரும். இவர் போட்டால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே வேகம். "என்னய்யா, எண்ணெய் தடவி விட்டியா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டுவைத்தார். அதோடு சரி, டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அவர் எண்ணெய் சார்தான்.

அதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. கல்லூரியில் கணிதம் படித்தபோது கற்ற ஒரே ஒரு பாடத்தை வைத்து மனிதர் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தரத்தில் வளைந்து வளைந்து போகும் ஒரு கோடு. அதன்மேல் ஒரு எறும்பு போகிறது. இத்தனையாவது நொடியில் எங்கே இருந்தாய் என்று எறும்பைக் கேட்பது ஒரு வழி. அப்படிக் கேட்டால் அது ஓடின இடமும் ஊர்ந்த இடமும் பதிலில் வந்துவிடும். நேரத்தை விட்டுவிட்டு, இவ்வளவு தூரம் நடந்தபிறகு எங்கே இருந்தாய் என்று கேட்பது இன்னொரு வழி. அப்போது எறும்பு எப்படிப் போயிருந்தால் என்ன, பாதை மட்டும் சீராகக் கையில் வந்துவிடும். வளைவரையை வில்நீளத்தால் எழுதுவது என்று இதற்குப் பெயர். கோடு அதே கோடுதான், அதன்மேல் போடும் அடையாளப் புள்ளிகள்தான் மாறும்.

பாடம் நடத்திய பேராசிரியை ஒரு நிபந்தனையும் சொன்னார். "வேகம் எங்கயும் பூஜ்ஜியம் ஆகக்கூடாது. எறும்பு எங்கயாவது நின்னுடுச்சுன்னா இந்தக் கதை ஓடாது, ஞாபகம் வெச்சுக்கங்க." பரீட்சையில் இவர் அந்த நிபந்தனையை எழுதி மார்க் வாங்கிக்கொண்டு அதோடு அதைத் தலைமுழுகிவிட்டார். வீடு விற்கிற கேமரா எங்கே நிற்கப்போகிறது?

வீட்டிலும் மனிதர் அப்படித்தான். கோபம் வராது, அவசரம் வராது, கூப்பிட்டால் காதிலும் விழாது. வேலையைப் பாதி நாள் வீட்டிலிருந்துதான் செய்வார். சின்ன அறை, சுவரைப் பார்த்த மேசை, வாசலுக்கு முதுகு, தலையில் ஹெட்போன். "வீடு பத்தி எரிஞ்சாலும் உங்கப்பா செருப்பைத் தேடி மாட்டிட்டுத்தான் வெளிய வருவாரு" என்று மனைவி மகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அதுவும் அவர் காதில் விழாது.

அந்த மனைவி காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. எண்ணெய் அழவில்லை. கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, யார் யாருக்கு நாற்காலி இல்லை என்று பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். "இவன் மனுசனா மரக்கட்டையா?" என்று மச்சான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார். அதற்கும் ஒரு நாற்காலியை நகர்த்தினார். அடுத்த வாரமே வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, உள்ளுக்குள் அப்படி மரத்துக் கிடந்தது. தொட்டால் தொடுவது தெரிந்தது, வலிதான் தெரியவில்லை.

மகளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. வேறு ஊரில் வேலை பார்க்கிற பெண். "அம்மாவுக்காக ஒரு சொட்டுத் தண்ணி உங்க கண்ணுல வரலயேப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினாள். அப்புறம் போனில் சாப்பிட்டாச்சா, சாப்பிட்டாச்சு. அவ்வளவுதான் பேச்சு.

இதற்கிடையில் வீட்டுக்காரர் தன் மகன் குடிவரப் போகிறான், காலி செய்து கொடுங்கள் என்றார். எண்ணெய் மகளிடம் சொன்னார். அவள் போனிலேயே பதில் சொன்னாள்.

"வீட்டைக் காலி பண்ண நான் வரல. என்னால முடியாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், செய்வீங்களா? வெள்ளையடிச்சப்ப எனக்குக் காட்டணும்னு அம்மா வீடு முழுக்க நடந்து போன்ல ஒரு வீடியோ எடுத்தாங்க. பெருசா இருக்கு, போகமாட்டேங்குதுன்னு அனுப்பவே இல்ல. ரொம்ப ஆடுதுன்னு சொன்னாங்க. உங்க வேலைதானே அது? சரிபண்ணி அனுப்புங்க. அம்மாகூட ஒரு தடவ அந்த வீட்டுல நடந்துக்கறேன்."

அம்மா போன பிறகு மகள் அவரிடம் கேட்ட ஒரே காரியம் அது. இதிலும் சொதப்பினால் சாப்பிட்டாச்சா என்று கேட்கக்கூட அவள் கூப்பிடமாட்டாள் என்பது மரத்துப்போன அந்த மண்டைக்கும் உறைத்தது. உயிரைக் கொடுத்து வேலை செய்தார்.

வீடியோவைப் பார்த்து, அதை எடுத்த கேமரா எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடித்துக் கொடுக்கும் மென்பொருள் அவர்களிடம் இருந்தது. அதில் போட்டார். திரையில் அந்தரத்தில் தொங்கும் ஒரு மஞ்சள் நூல் வந்தது. வாசலில் ஆரம்பித்து, கூடத்தில் வளைந்து, சமையலறைக் கீழ்த்தட்டுக்குக் குனிந்து நிமிர்ந்து, அவருடைய அறை வாசலைத் தொட்டு, மாடிப்படியில் திருகி ஏறி, மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் முடிந்தது. மனைவி அந்த வீட்டில் நடந்த நடை அது. படிக்கட்டில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி நெருக்கியடித்துக் கிடந்தன. அவளுக்கு முட்டிவலி. ஆட்டத்தை எடுத்தார், சத்தத்தை எடுத்தார், வழக்கம்போல வில்நீளத்துக்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்தார்.

பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாது என்று திரை சொன்னது.

எங்கே என்று பார்த்தார். நேரம் குறுக்கே, நடந்த தூரம் மேலே என்று ஒரு படம் போட்டுப் பார்த்தபோது, ஏறிக்கொண்டே வந்த கோடு ஓரிடத்தில் மேசை மாதிரி தட்டையாகக் கிடந்தது. அவருடைய அறை வாசல். கையைக் கதவு நிலையில் ஊன்றியிருப்பாள் போலிருக்கிறது, கேமரா அசையவே இல்லை. அந்தப் படத்துண்டில் ஒரு நாற்காலியும் ஒரு முதுகும் ஒரு ஹெட்போனும் இருந்தன. தன் முதுகு என்று தெரிந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. வேகம் பூஜ்ஜியமாக இருக்கும் புள்ளிகளை நீக்கு என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தார். நடக்காத இடத்துக்கு நீளம் ஏது? கணக்குப்படி அது சரியேதான். வீடியோ வழுக்கிக்கொண்டு ஓடியது. மகளுக்கு அனுப்பிவிட்டு, வெகுநாளைக்குப் பிறகு கொஞ்சம் நிம்மதியாகவே சாப்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் அவள் கூப்பிட்டாள்.

"வீடியோ பார்த்தேன்ப்பா."

"நல்லா வந்திருக்கா?"

"பிரமாதமா வந்திருக்கு. யாரு நடக்கறாங்க அதுல?"

"என்ன பாப்பா கேள்வி இது? அம்மாதான்."

"அம்மா இல்லப்பா. அம்மா இப்படி மாடி ஏறி நான் பார்த்ததே இல்ல. ஒவ்வொரு படிக்கும் நின்னு மூச்சு வாங்குவாங்க. இதுல சின்னப் பொண்ணு மாதிரி ஏறிப் போறாங்க. உங்க கம்பெனி கேமராதான் நம்ம வீட்டுல நடக்குது."

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

"சரி, அத விடுங்க. உங்க ரூம் வாசல்ல அம்மா நிக்கலையா?"

பொய் சொல்லத் தெரிந்த மனிதராக இருந்தால் பிழைத்திருப்பார். "நின்னா. நான் எடுத்துட்டேன்" என்றார். "நடக்காத இடம் பாப்பா அது. கணக்குல வராது."

வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தார். வைக்கவில்லை.

"எப்ப வீடியோ கால் பண்ணினாலும் அம்மா அந்த வாசல்ல வந்து நிப்பாங்கப்பா. எனக்கும் அவங்களுக்கும் பந்தயம். நீங்க திரும்பிப் பார்ப்பீங்களா மாட்டீங்களான்னு. சத்தம் போடக்கூடாது, சும்மா நிக்கணும். நான் மாட்டீங்கன்னு கட்டுவேன். அவங்க திரும்புவீங்கன்னு கட்டுவாங்க. ஒரு தடவகூட மாத்திக் கட்டினதில்ல. தோத்தவங்க பாட்டுப் பாடணும். கர்ண கொடூரமா இருக்கும். பாடிட்டேதான் மாடி ஏறுவாங்க. வேற எதையாவது வெட்டியிருக்கலாமேப்பா."

இந்தத் தடவை நிஜமாகவே வைத்துவிட்டாள்.

எண்ணெய் பழைய வீடியோவைத் திறந்தார். வெட்டாதது, வழிக்காதது, நேரப்படி ஓடுவது. இந்தத் தடவை சத்தத்தோடு ஓடவிட்டார். கூடம் ஆடியது, சமையலறை ஆடியது, இது புது பெயின்ட், இது உன் அலமாரி என்று மனைவி மகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அறை வாசல் வந்ததும் பேச்சு நின்றது. அவள் நின்றாள். திரையில் இருந்த முதுகு அசையவில்லை. திரும்பு, என்று அவர் வாய்விட்டே சொன்னார். திரும்பித் தொலையேன்டா. அந்த முதுகு மௌஸை நகர்த்தியது, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தது, மறுபடி வேலையில் குனிந்தது. அவள் இன்னும் நின்றாள். அப்புறம் மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அன்றைக்கு மகள் லைனிலேயே இல்லை, பந்தயம் கட்ட ஆளே இல்லை. ஆனாலும் தோற்றவள் தோற்றவள்தான். ஒவ்வொரு படியாக மூச்சு வாங்கிக்கொண்டு, சுருதி சேராமல் பாடிக்கொண்டே மாடி ஏறினாள்.

அப்போதும் அவருக்கு அழுகை வரவில்லை. அந்த வீடியோவை அப்படியே மகளுக்கு அனுப்பினார். கீழே ஒரு வரி எழுதினார். "நான் திரும்பல பாப்பா. அம்மா அன்னிக்கும் திரும்புவேன்னுதான் நின்னிருக்கா."

பதில் வரவில்லை. வீடு மாற்றுகிற அன்று காலையில் ஆளே வந்து இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து அட்டைப்பெட்டிகளைக் கட்டினார்கள். புது வீட்டில் ஆட்கள் சாமான்களை இறக்கிவிட்டுப் போனதும், எண்ணெய் தன்னுடைய மேசையைத் தானே இழுத்துப்போட்டு, கம்ப்யூட்டரை வைத்து, ஒயரெல்லாம் மாட்டி உட்கார்ந்து பார்த்தார்.

மகள் ஒரு பெட்டியோடு வந்து வாசலில் நின்றாள். அவர் உடனே நிமிர்ந்து பார்த்தார். மேசை வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது.

"இது அழுகுணி ஆட்டம்ப்பா" என்றாள் அவள். "வாசலப் பார்த்தே உக்காந்துட்டா அப்புறம் பந்தயம் எப்படிக் கட்டறது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாதியில் சிரிப்பு உடைந்துவிட்டது. பெட்டியைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்து, "எங்கம்மா தோத்துட்டே போயிட்டாப்பா" என்று கதறினாள்.

எண்ணெய் கையிலிருந்த ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோனார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று பார்க்கவில்லை.