பிரேக் மாஸ்டரின் வலது கால்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருந்தது. ஊருக்கு அவர் பிரேக் மாஸ்டர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். பள்ளி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சாலைக் குறியீடுகள் வரைந்த ஒரு பலகை, வாசலில் ஒரு சின்ன கார், அவ்வளவுதான். அந்தக் காரில் ஓட்டுபவருக்கு இருப்பதுபோலவே பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச்சும் ஒரு பிரேக்கும் இருந்தன. இருபத்தாறு வருடமாக மாஸ்டருடைய வலது கால் அந்தப் பிரேக்கின் மேல்தான் குடித்தனம் நடத்துகிறது.

கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சும்மா ஆட்களா? எதிரே லாரி வந்தால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு, வண்டிதான் தப்புச் செய்தது என்பதுபோல அதைத் திட்டுவார்கள். இத்தனை பேர் கையில் சிக்கியும் அந்தக் காரில் இதுவரை ஒரு கீறல் விழவில்லை. எல்லாம் அந்தக் காலின் புண்ணியம்.

ஆனால் காலுக்கு வேலை நேரம் எது, ஓய்வு நேரம் எது என்று தெரியவில்லை. பேருந்தில் போனால் முன் இருக்கைக்காரரின் முதுகில் மிதிக்கும். திரையில் கார் துரத்தல் வந்தால் போதும், தரை அதிரும். ஒருமுறை பல் டாக்டர் ஊசியோடு கிட்டே வந்தபோது மாஸ்டர் மிதித்த மிதியில் நாற்காலியின் கால்பலகை வளைந்துபோனது. டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சார், நான் நின்னுட்டேன். நீங்க கால எடுங்க" என்றார்.

மாஸ்டரின் மனைவிக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருபது வருடம் ஒரே அறை, ஒரே ஜன்னல். அந்த ஜன்னலைத் திறக்கவும் கூடாது, தூசி வந்துவிடும். எங்கெங்கிருந்தோ பாட்டில்களில் தண்ணீர் வரும். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் 'மேல் ஊற்று', 'பாறைக் கிணறு', 'பள்ளித் தொட்டி' என்று எழுதியிருக்கும். அவர் அதில் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார். எந்த ஊற்றையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. "இருபது வருஷமா லெட்டர் படிக்கிறேன், எழுதுன ஆளப் பாத்ததில்ல" என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் ஏக்கம் உண்டு. அது மாஸ்டருக்கும் தெரியும்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னார்.

"என்னங்க, வெளி வேலைக்கு என்னைக் கேட்டிருக்காங்க. மலையில முப்பத்திரண்டு இடம். நானே போய்த் தண்ணி எடுத்து, ஐஸ் பெட்டியில வச்சு, ஆறு மணி நேரத்துக்குள்ள கொண்டுவந்து சேக்கணும்."

"நல்லதுதானே."

"சொந்த வண்டி வேணும். மலை ஏறுற வண்டி. ஒண்ணாந்தேதிக்குள்ள வாங்கிக் காட்டலன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

மாஸ்டரின் கால் தரையை லேசாக அழுத்தியது.

"நம்ம கார் இருக்கே."

"நம்ம கார் தெருவுல இருக்கிற வேகத்தடையிலயே வயித்தத் தேச்சுக்கிட்டுப் போகுது. அங்க ரோடே கிடையாதுங்க. வெறும் கல்லு."

அன்று தொடங்கியது வழக்கு. கல் குவாரியில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன்னுடைய ஜீப்பை விற்கப்போவதாக மனைவி விசாரித்து வைத்திருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். மாஸ்டர் அதைப் பார்க்காமலேயே குறை சொல்ல ஆரம்பித்தார். டீசலைக் குடிக்கும், யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். உட்கார்ந்தால் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லும். தினமும் மலைக்கா போகப்போகிறோம், வாரத்தில் பாதி நாள் ஊருக்குள்தானே ஓட்ட வேண்டும்? கடைத்தெருவில் எங்கே நிறுத்துவது?

"காய் வாங்கப் போறதுக்கு எவனாவது போருக்குப் போற வண்டியில போவானா?" என்றார்.

"காய் வாங்க நான் நடந்துதானே போறேன். மலைக்குத்தான் நடந்து போக முடியாது."

"நம்ம தெருவுல திரும்பவே திரும்பாது."

மறுநாள் காலையில் மனைவி தையல் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி மருந்துக்கடைத் திருப்பத்தை அளந்தார். ஜீப்பின் அகலம் போக இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் மிச்சம் இருந்தது. மருந்துக்கடைக்காரரே டேப்பின் மறுமுனையைப் பிடித்தார் என்பதால் மாஸ்டரால் சாட்சியை மறுக்க முடியவில்லை. ஆனாலும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். கடைசியில், "எதுக்கு இந்தப் பாடு? போற வரைக்கும் நம்ம கார்ல நானே கூட்டிட்டுப் போறேன். மிச்சத்த ரெண்டு பேரும் நடப்போம்" என்றார்.

மனைவி டேப்பைச் சுருட்டி வைத்தார். கோபமாக இல்லை. "எனக்கு டிரைவர் வேணாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம், மாஸ்டருக்காக நாம் ஏன் மூடி மறைக்க வேண்டும்? டீசலும் காரணமில்லை, தெரு அகலமும் காரணமில்லை. அந்த ஜீப்பில் அவருக்கென்று ஒரு பிரேக் இல்லை. அதுதான் சங்கதி. பதினெட்டு வருடத்துக்கு முன்பு மனைவிக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். மனைவி முதல் தடவையிலேயே தேறி உரிமமும் வாங்கினார். ஆனால் வீட்டில் இருந்த ஒரே கார் பயிற்சிக் கார். அதில் மனைவி ஓட்டும்போதெல்லாம் மாஸ்டர் பக்கத்தில் இருந்தார். பிரேக்கின் மேல் கால் இருந்தது. இனி அந்தக் கால் எட்டாத இடத்துக்கு மனைவி போகப்போகிறார், கல்லும் பள்ளமுமான மலைக்கு.

மாஸ்டர் யாருக்கும் சொல்லாமல் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார்.

"ஜீப்புல இடது பக்கம் ஒரு பிரேக் வச்சுத் தர முடியுமா?"

"வைக்கலாம் மாஸ்டர். யாரு கத்துக்கப் போறது?"

"வீட்டுல."

"அவங்கதான் நல்லா ஓட்டுவாங்களே! லைசென்ஸ்கூட இருக்கே?" என்றார் மெக்கானிக். பிறகு மாஸ்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார். மாஸ்டர் ஏதோ அவசர வேலை இருப்பதுபோலக் கிளம்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். ஜீப் நின்ற இடம் கைவிடப்பட்ட பழைய குவாரி. லாரிகள் ஏறி இறங்கிய சரிவுப் பாதை இன்னும் இருந்தது. பாதை என்பதே மரியாதைக்குச் சொல்வதுதான். சரளையும் உருளைக்கல்லும், நடுவே மழை அறுத்த பள்ளமுமாகக் கிடந்தது. ஜீப் பச்சை நிறம், அங்கங்கே சாயம் போயிருந்தது. குவாரிக்காரர் அதை முதுகில் தட்டிக்கொடுத்தபடி மாஸ்டரிடம் விளக்கினார்.

"ஏறுறது பெரிய விஷயமில்ல மாஸ்டர். இறங்குறதுதான் வித்தை. நாலு சக்கரத்தையும் மெதுவா இழுக்க வைக்கிற இந்தச் சின்ன லிவர இப்படி இழுத்து, முதல் கியர்ல போட்டு விட்டுடணும். அப்புறம் ரெண்டு காலையும் எடுத்துடணும். கிளட்ச்சத் தொடக்கூடாது, பிரேக்கையும் தொடக்கூடாது. இஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும்."

"பிரேக் போடாம எப்படிங்க?"

"போட்டாத்தான் ஆபத்து. சரளையில சக்கரம் பூட்டிக்கிச்சுன்னா வழுக்கிட்டே போயிரும். நல்ல டிரைவர்லாம் அந்தப் பயத்துல மிதிச்சுத்தான் மாட்டிக்கிட்டான். ஆனைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

இருபத்தாறு வருடமாக மாஸ்டர் வாங்கிய பெயரெல்லாம் மிதித்து வாங்கிய பெயர். இங்கே ஒருவர் மிதிக்காதே என்கிறார்.

குவாரிக்காரர் ஒருமுறை ஏறி இறங்கிக் காட்டினார். அடுத்து மனைவி ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். புடவையைச் செருகிக்கொண்டு, கம்பியைப் பிடித்து ஒரே எம்பில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் பக்கத்தில் ஏறினார். குவாரிக்காரர் கீழேயே நின்றுகொண்டார். மேலே போகும்போது ஜீப் ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து, கல்லைக் கடித்துத் துப்பிக்கொண்டு ஏறியது. ஒவ்வொரு சாய்வுக்கும் மாஸ்டரின் கால் ரப்பர் விரிப்பை அழுத்தியது. விரிப்புக்குக் கீழே வெறும் தகடு.

உச்சியில் வண்டியைத் திருப்பி, சரிவைப் பார்த்து நிறுத்தி, கை பிரேக்கை இழுத்தார் மனைவி. இஞ்சினை அணைத்தார். இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். குவாரிக்காரர் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"பதினெட்டு வருஷமா ஓட்டுறேன். ஒரு நாயக்கூட இடிச்சதில்ல. எல்லாரும் நான் நல்லா ஓட்டுறேன்னு சொல்றாங்க. ஆனா சிக்னல்ல, திருப்பத்துல, ஒரு புள்ள குறுக்க ஓடி வந்தப்ப... அப்பல்லாம் வண்டிய நிறுத்துனது நானா நீங்களான்னு எனக்குத் தெரியலங்க."

மாஸ்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். 'நீதான்' என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பிள்ளை குறுக்கே ஓடி வந்த நாள் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி நின்றது. அவருடைய கால் பிரேக்கில் இருந்தது. மனைவியின் காலும் பிரேக்கில்தான் இருந்தது. யார் முந்தியது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கால் அவரைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்வதில்லையே.

"எனக்கும் தெரியலம்மா" என்றார்.

மனைவி தலையை ஆட்டினார். அந்தப் பதில்தான் வேண்டும் என்பதுபோல இருந்தது அவர் முகம்.

"அப்ப இறங்கிக்கங்க."

"இங்கயா? இந்த இறக்கத்துலயா? வேணும்னா சமதரையில ஒரு ரவுண்டு..."

"மலையில சமதரை கிடையாதுங்க. இறங்குங்க."

அவர் இறங்கினார். பாசம் என்பது சில நேரம் கதவைத் திறந்து இறங்கிக்கொள்வதுதான் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், மாஸ்டர் அந்த ஆளை அறைந்திருப்பார். சரிவின் விளிம்பில் நின்று ஜீப்பின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இஞ்சின் உறுமியது. சின்ன லிவர் விழுந்த சத்தம் கேட்டது. முதல் கியர். கை பிரேக் இறங்கியது. ஜீப் மெதுவாக மூக்கைக் கீழே சாய்த்து இறங்கத் தொடங்கியது. மாஸ்டரின் கண் பின்னால் இருந்த இரண்டு சிவப்பு விளக்குகளிலேயே நிலைகுத்தி நின்றது. பிரேக்கைத் தொட்டால் அவை எரியும். தொடாதே, தொடாதே என்று அவர் முணுமுணுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் பிரேக்கைத் தொடக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

மழைப்பள்ளத்தின் பக்கத்தில் ஒரு கல் உருண்டது. ஜீப்பின் பின்பக்கம் ஒரு முழம் பக்கவாட்டில் வழுக்கியது. மாஸ்டரின் வலது கால் ஓங்கித் தரையை மிதித்தது. சரளை தெறித்தது, குதிகாலில் ஒரு கல் குத்தி உயிர் போனது. சிவப்பு விளக்குகள் எரியவில்லை. முன்சக்கரங்கள் கொஞ்சம் திரும்பின. ஜீப் நேரானது, அதே ஆமை வேகத்தில் போய்க்கொண்டே இருந்தது. அடிவாரம் போய்ச் சேரும்வரை அந்த விளக்குகள் ஒரு தடவைகூட எரியவில்லை. சமதரையைத் தொட்ட பிறகுதான் எரிந்தன. ஜீப் நின்றது.

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. பயம் போனதால் அல்ல, பயம் அப்படியேதான் இருந்தது. தான் இல்லாமலும் அவர் பத்திரமாகப் போய்ச் சேருவார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். அதில் எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு வலியும் இருந்தது. கல் குத்திய குதிகாலோடு நொண்டிக்கொண்டே சரிவில் இறங்கினார்.

அதற்குள் குவாரிக்காரர் ஜீப்பருகே வந்திருந்தார். நொண்டிக்கொண்டு வந்த மாஸ்டரைப் பார்த்து, "என்ன மாஸ்டர், முடிச்சுக்கலாமா?" என்றார்.

"என்னைக் கேக்காதீங்க. ஓட்டப்போறவங்களக் கேளுங்க."

"எடுத்துக்கறேன்" என்றார் மனைவி. கை ஸ்டியரிங்கை இன்னும் விடவில்லை.

குவாரிக்காரர் வண்டியின் புத்தகத்தை எடுத்துவரத் தன் கொட்டகைப் பக்கம் போனார். மாஸ்டர் ஜன்னலருகே வந்து நின்றார். மனைவியின் நெற்றியில் வியர்வை, மூக்கு நுனியில் தூசி. அதைத் துடைத்துவிட அவருக்குக் கை வந்தது, துடைத்துவிட்டார்.

"மேலேருந்து பிரேக் போட்டீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"போட்டேன். ஒரே ஒரு தடவ. ஓங்கி."

"வண்டி நின்னுச்சா?"

"நிக்கல" என்றார் மாஸ்டர். "அப்புறம் கீழ வந்துதான் நின்னுச்சு. நீதாம்மா நிறுத்துன."