நாற்பத்திரண்டாவது உண்ணி

போன வாரம் அமெரிக்காவிலிருந்து மகள் பேசினாள். பேரனின் தொடையில் உண்ணி கடித்து, கடித்த இடத்தைச் சுற்றி வளையல் வைத்து வரைந்ததுபோலச் சிவந்துவிட்டதாம். லைம் நோய் என்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் முகம் ஒரு பக்கம் கோணலாம், முழங்கால் வீங்கலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம் என்று அவள் சொல்லச் சொல்ல, நான் காகிதத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

“டாக்டர் மொதல்ல கேட்டதே, அது எவ்வளவு நேரம் ஒட்டிக்கிட்டிருந்ததுன்னுதாம்ப்பா” என்றாள்.

என் கை நின்றுவிட்டது. அறுபத்து நான்கு ஆண்டுகளாக நான் எண்ணாமல் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. எங்கள் வீடு தென்காசியில். மாமா குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தார். சாரல் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவர் எங்கள் இருவரையும் செண்பகாதேவி அருவிக்கு மலைப்பாதையில் கூட்டிப்போனார். அவருடைய நாயும் வந்தது. நான் வழியெல்லாம் குரங்குகளை எண்ணினேன். தங்கை பாதையோரப் புதர்களுக்குள் தலையை விட்டுப் பூப் பறித்தாள்.

அடுத்த புதன்கிழமை மாமா நாயோடு எங்கள் வீட்டில் சில நாள் தங்க வந்தார். நாயின் காதிலும் கழுத்திலும் உண்ணி அப்பியிருந்தது. தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

“ஏலே கணக்கு, ஒண்ணு விடாம எடுத்து இதுல போடு. எத்தனைன்னு சொன்னாத்தான் மங்குஸ்தான்.”

தங்கை நாயின் தலையை மடியில் வைத்துக்கொள்ள, நான் உரக்க எண்ணிக்கொண்டே பிடுங்கினேன். நாற்பத்திரண்டு. பிறகு ஒரு குச்சியால் சிரட்டையைக் கிளறிச் சரிபார்த்தேன். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினேன். நாற்பத்தொன்றேதான். ஒன்று விரலிலிருந்து வழுக்கியிருக்க வேண்டும். தரையெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. மாமா கேட்டபோது, “நாப்பத்திரண்டு, எல்லாம் சிரட்டையில கெடக்கு” என்றேன். மங்குஸ்தான் கிடைத்தது. பழத்தின் அடியில் இதழ் ஆறு, உள்ளே சுளை ஆறு. அந்தக் கணக்காவது சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பாயை விட்டு எழுந்த தங்கை அப்படியே மடங்கி விழுந்தாள். விளையாடுகிறாள் என்று அம்மா அதட்டினாள். தூக்கி நிறுத்தினால் மறுபடி விழுந்தாள். அழக்கூட இல்லை.

“காலு எங்கிட்ட இல்லம்மா” என்றாள்.

நண்பகலுக்குள் அவளால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அப்பா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அம்மாவும் மாமாவும் நானும் பின்னால் ஓடினோம். டாக்டர் சின்னச் சுத்தியலால் அவள் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. காய்ச்சலும் இல்லையே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அப்பாவிடம், “இளம்பிள்ளை வாதமா இருக்கலாம். மூச்சு முட்டுறதுக்குள்ள பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்றார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்கள் தெருவில் கால் சூம்பிய பிள்ளைகள் இரண்டு பேர். மூன்றாவது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா வாடகைக் கார் பிடித்துவந்து வாசலில் நிறுத்தினார். எனக்கோ பொய் சொன்னதற்குச் சாமி கொடுத்த தண்டனை இது என்று பட்டது. மாமாவிடம் சொல்லப் பயந்து, பக்கத்தில் நின்ற நர்ஸம்மாவின் சேலையை இழுத்தேன். அவர் கேரளத்துப் புனலூர்க்காரர்.

“உண்ணியக் காணும்” என்றேன்.

“உண்ணியோ? ஐயோ, எத்தற வயசு?”

“தெரியாது.”

“கண்டா எங்ஙன இருக்கும்?”

“குட்டையா, உருண்டையா.”

அவர்கள் ஊரில் உண்ணி என்பது வீட்டுச் செல்லப்பிள்ளையின் பெயர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நர்ஸம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, “டாக்டரே, இவங்களோட இன்னொரு பிள்ளையையும் காணலை!” என்று கத்தினார். அம்மா பதறி எழுந்து என்னை இழுத்து அணைத்தாள். காருக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா தங்கையோடு அப்படியே திரும்பினார்.

“கடைசியா எவ்விட கண்டது, மோனே?” என்றார் நர்ஸம்மா.

“நாயி காதுக்குள்ள.”

நர்ஸம்மா நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

“ஏலே, என்னலே ஒளறுத?” என்று மாமா கையை ஓங்கினார்.

“அடிக்காதீங்க மாமா. நாப்பத்தொண்ணுதான் இருந்துச்சு. நாப்பத்திரண்டுன்னு பொய் சொல்லிட்டேன். ஒரு உண்ணியக் காணும்.”

ஓங்கிய கையை டாக்டர் பிடித்துக்கொண்டார். “தம்பி, என்ன சொன்ன? உண்ணியா?” பதிலுக்குக் காத்திராமல் அப்பாவின் தோளிலிருந்து தங்கையை வாங்கி மேஜையில் கிடத்தி, இரட்டைச் சடையையும் அவிழ்த்தார். வகிடு வகிடாகப் பிரித்துக்கொண்டே வந்தவர் வலது காதுக்குப் பின்னால் நின்றார். அங்கே ஆமணக்கு விதை அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒன்று உப்பிக்கொண்டிருந்தது. அதற்குக் கால்கள் இருந்தன. அம்மா போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

“பீடியால ஒரு சூடு வச்சா விழுந்துரும்” என்று மாமா தீப்பெட்டியை எடுத்தார்.

“தொடாதீரும்! நசுக்கினாலும் சுட்டாலும் உள்ளதையெல்லாம் இவ ஒடம்புலதான் கக்கும்.” டாக்டர் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக, மெதுவாக இழுத்தார். “எச்சில்லதான் இருக்கு விஷம். அஞ்சாறு நாளா ஒட்டிக்கிட்டுக் குடிச்சிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும்” என்றார்.

காரைத் திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் தங்கையின் கட்டைவிரல் அசைந்தது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். பதினோரு எட்டு. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நாய்க்குத்தான் தண்டனை கிடைத்தது. பண்பொழிப் பக்கம் ஒரு மாந்தோப்புக் காவலுக்கு மாமா அதைக் கொடுத்துவிட்டார். தங்கை இரண்டு நாள் சோறு தின்னாமல் அழுதாள். எனக்கு உறவுக்காரர்களிடையே உண்ணி என்றே பெயர் நிலைத்தது. நான் வருத்தப்படவில்லை. நாற்பத்தொன்றும் ஒன்றும் நாற்பத்திரண்டு. கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மகள் பேசி முடித்த பிறகுதான் அந்தக் காகிதத்தின் மறுபக்கத்தில் நாட்களை எழுதினேன். நாயிடம் உண்ணி பிடுங்கியது புதன். தங்கை விழுந்தது வெள்ளி. நடுவில் இரண்டே நாள். டாக்டர் சொன்னதோ அஞ்சாறு நாள். மூன்று முறை எண்ணிப் பார்த்தேன். வெள்ளியிலிருந்து ஆறு நாள் பின்னால் போனால் சனிக்கிழமை, மலைப்பாதை, புதர், பூ.

அவள் தலையில் இருந்தது நான் தவறவிட்டது அல்ல. அதற்கும் நாய்க்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்னுடைய நாற்பத்திரண்டாவது உண்ணி இன்றுவரை கிடைக்கவில்லை. அது மட்டும் அன்றைக்கு ஒழுங்காகச் சிரட்டைக்குள் விழுந்திருந்தால், நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கார் அவளையும் அவள் தலையில் இருந்ததையும் ஏற்றிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போயிருக்கும்.