எண்ணெய் மணக்கும் பெட்டி

கொக்கிளாய்க் களப்புக் கரையில் மீன் விற்ற அந்த மனிதர், ஒவ்வொரு மீனையும் மூக்கருகே தூக்கி முகர்ந்து பார்த்தே பெட்டியில் போடுவார். கழுத்தில் செபமாலை. முன்னால் இரண்டு பெட்டிகள். ஒன்றில் நல்ல மீன், மற்றதில் எண்ணெய் நாறிய மீன்.

“அண்ணை, நாறினதை ஏன் எறியாமல் வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டேன்.

“சந்திக் கராஜ்காரன் பழைய எஞ்சின் ஒயிலை வாய்க்காலில ஊத்திறான். அது நேரே களப்புக்குத்தான் வருது. போய்க் கேட்டதுக்குச் சிரிச்சவன். இப்ப அவன் வந்தால் இந்தப் பெட்டியிலதான் எடுத்துக் குடுப்பன். அவன்ர மூக்குக்கு ஒயில் மணம் தெரியாது. வித்தால் பாவம், அதால சும்மா குடுக்கிறனான். அவன்ர ஒயிலை அவனே தின்னட்டும்.”

அந்தப் பழிவாங்கல் எனக்குப் பிடித்துப்போனது. வாய்விட்டுச் சிரித்து, பெரிய திரளி மீனாக இரண்டு கேட்டேன். நல்ல பெட்டியிலிருந்து எடுத்துப் பையில் போட்டுத் தந்தார். பிறகு மரத்தடியில் நின்ற என் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார்.

“தம்பி, அதுக்கு ஒயில் எங்க மாத்திறனீங்கள்?”

பொய் சொல்லியிருக்கலாம். “அந்தக் கராஜிலதான்,” என்றேன்.

அவர் பையை என் கையிலிருந்து வாங்கினார். திரளிகளைப் பழைய இடத்திலேயே போட்டார். மற்றப் பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துப் பையில் வைத்து நீட்டினார்.

நான் காசை எடுத்தேன்.

“காசு வேண்டாம், தம்பி,” என்றார்.