பாதித் தண்ணீர் தத்துவம்

போன ஞாயிற்றுக்கிழமை உத்தனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஓசூரில் என் நண்பர் ஒருவர் தமிழ்ப் பண்டிதர். அந்தக் கிராமத்தில் வாழ்ந்து மறைந்த ஒரு ஞானியின் வாக்குகளுக்கு உரை எழுதியிருக்கிறார். குருபூஜை அன்று அதைப் படித்துக் காட்டுவதாக ஏற்பாடு. கூடவே அவர் மனைவி சரோஜா — பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

ஞானியின் வாக்குகளில் எல்லோருக்கும் மனப்பாடமானது இது: "வந்த தண்ணீரில் பாதி எனக்கு, பாதி எனக்குப் பின்னால் இருப்பவனுக்கு. அதுதான் தர்மம்."

ஊர் இதை அப்படியே பிடித்துக்கொண்டது. ஏரி வாய்க்காலில் ஆறு மடை. ஒவ்வொருவரும் தன் மடைக்கு வரும் தண்ணீரில் பாதியை வயலுக்குத் திருப்புவார். மீதியை விட்டுவிடுவார்.

நண்பர் மைக் முன்னால் உருகினார். "பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் ஒரே விதி! இதுவல்லவோ சமத்துவம்!"

தலைமடைக்காரர் வெங்கடப்பா முன்வரிசையில் பலமாகக் கை தட்டினார். தட்டமாட்டாரா பின்னே?

கூட்டத்தின் கடைசியில் ஒருவர் எழுந்தார். கடைமடைக்காரர் முனியப்பன்.

"ஏனுங்க ஐயா, நானும் அதே விதியிலதானுங்க இருக்கறன். என் நெல்லு மட்டும் காயுதுங்களே... கதிர் வர்ற நேரமுங்க. இன்னும் நாலு நாள் போனா மாட்டுக்குத்தான் ஆவும்."

நண்பர் பொறுமையைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரோஜா விடவில்லை.

"கொஞ்சம் இருங்க. முதல் மடைக்கு அரை. அடுத்ததுக்குக் கால். அப்புறம் அரைக்கால், வீசம் — அதாவது பதினாறில் ஒண்ணு — அரை வீசம்... கடைசியில இவருக்கு மிஞ்சறதும் அரை வீசம். அதையும் வாய்க்காலே குடிச்சிடும். இதுல சமத்துவம் எங்கே இருக்கு?"

"அப்ப ஞானி சொன்னது தப்பா?" — நண்பருக்கு முகம் சிவந்துவிட்டது. பாவம், உரையிலேயே பெரிய அத்தியாயம் அது.

"சமமாப் போகணும்னா முதல் மடை ஆறில் ஒண்ணு எடுக்கணும். அடுத்தவர் வர்றதுல அஞ்சில் ஒண்ணு. அப்புறம் நாலில் ஒண்ணு, மூணில் ஒண்ணு. பாதிங்கறது ஒரே ஒரு மடைக்குத்தான் சரி, அஞ்சாவதுக்கு. ஞானிக்கு வயல் எங்கே இருந்தது?"

முனியப்பன்தான் சொன்னார்: "எனக்கு முந்தின மடைதானுங்க சாமி நெலம்."

அதாவது, ஞானி ஊருக்கு உபதேசம் பண்ணவில்லை. தன் மடைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் — கச்சிதமாக! சொன்னவர் எங்கே நின்றுகொண்டு சொன்னார் என்று உரை எழுதுகிறவர்கள் யார் கேட்கிறார்கள்? கேட்டால் எத்தனை புத்தகம் மெலிந்துபோகும்!

வெங்கடப்பா லேசில் விடுவாரா? "கணக்கு வேற, தத்துவம் வேறம்மா" என்றார். கோபம் ஏறியதும் தெலுங்குக்கு மாறினார். பிறகு தமிழுக்குத் திரும்பி வந்து ஒரு போடு போட்டார்: "சாமி தன் மடைக்குத்தான் சொன்னாருன்னா, தலைமடைக்கு ஒண்ணும் சொல்லலேன்னுதானே அர்த்தம்? அப்ப நான் முழுசாவே எடுத்துக்கலாமே!"

அவ்வளவுதான். மூன்றாம் மடைக்காரர் எழுந்தார். நான்காமவர் எழுந்தார். இப்போது ஐந்தாம் மடையை வைத்திருக்கும் ஞானியின் பேரன் மண்வெட்டியைத் தேடிக்கொண்டு போனார். பூஜை முடிவதற்குள் தலைமடையிலிருந்து வரிசையாக மடைகள் சரோஜாவின் கணக்குக்குக் குறுகிவிட்டன... சாயங்காலம் முனியப்பன் வயலில் தண்ணீர் நின்றது. எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

இரண்டாம் மடைக்காரர் மட்டும் கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை. கால் பங்கு ஆறில் ஒன்றாகக் குறைந்துவிடுமே — மனக்கணக்கில் அவரும் புலிதான்!